வால்வு செய்யும் பிழை

1985ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்திலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ஸ்டீரியோஃபைல் என்னும் ஒலிக்கருவி இதழின் அலுவலகத்துக்குப் பாப் கார்வர் என்ற பொறியாளர் வந்து சேர்ந்தார். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை வலுவாகவும் விலை குறைவாகவும் செய்து விற்பதில் பெயர் பெற்றவர். உலகின் எந்த ஆம்ப்ளிஃபயரை முன்னால் வைத்தாலும், அது என்ன விலை பெற்றதாயினும், தம்முடைய மலிவான கருவியை அதைப் போலவே ஒலிக்கச் செய்துவிட முடியும் என்பது அவர் விடுத்திருந்த அறைகூவல். இதழாசிரியர்கள் பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். கெடு 48 மணி நேரம்.

கார்வர் கையாண்ட முறை எளிது. இரண்டு கருவிகளுக்கும் ஒரே இசையைக் கொடுப்பது; ஒன்றின் வெளியீட்டைத் தலைகீழாக்கி மற்றொன்றின் வெளியீட்டோடு சேர்ப்பது. இரண்டும் முற்றிலும் ஒத்திருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், எஞ்சுவது மௌனம். ஒத்திராவிட்டால் வேறுபாடு மட்டும் மெல்லக் கேட்கும். அந்த எச்சம் தேயும்வரை அவர் தம் கருவியின் உட்பாகங்களைத் திருகிக்கொண்டேயிருந்தார். கெடு முடிந்தபின் ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எது வால்வு, எது டிரான்சிஸ்டர் என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை.

இந்நிகழ்ச்சியைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நுட்பத்தைத் தவறவிடுகிறார்கள். அந்த 48 மணி நேரத்தில் கார்வர் தம் கருவியை மேம்படுத்தவில்லை. அதன் துல்லியத்தை, வால்வு எந்த அளவுக்குப் பிசகுகிறதோ அந்த அளவுக்கு, எண்ணி எண்ணிக் கெடுத்தார்.

வால்வின் மாயம் அத்துடன் கலைந்திருக்க வேண்டும். ஆனால் அதே கார்வர், சில ஆண்டுகளுக்குள் சில்வர் செவன் என்ற பெயரில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட கேடி88 குழாய்கள் கனன்றுகொண்டிருக்கும் பூதம் அது. முதுமையில் அவர் தொடங்கிய நிறுவனமும் வால்வுக் கருவிகளையே செய்தது. வால்வில் இருப்பது எதுவும் டிரான்சிஸ்டருக்கு எட்டாததன்று என்று மெய்ப்பித்தவர், மெய்ப்பித்த பிறகும் வால்விடமே போனார். இதை வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினால், கேள்வி அப்படியே நிற்கும்.

வெற்றிடக்குழாயின் வரலாறு ஒரு பிழை திருத்தும் வரலாறு. 1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், சூடேறிய இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் ஒரே திசையில் பாய்வதைப் பயன்படுத்தி இருமுனைக் குழாயைச் செய்தார். நீரை ஒரு பக்கமே விடும் கதவைப் போல அது இயங்கியதால் வால்வு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். அந்த வலையில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம், தகட்டை நோக்கிப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிப்படைத்தது. மின்வழி ஒலிபெருக்கம் அங்கே பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், குழாய்க்குள் சிறிது வாயு மிஞ்சியிருந்தால்தான் அது வேலை செய்யும் என்று டி ஃபாரஸ்ட் நம்பினார். தாம் கண்டுபிடித்தது என்ன என்பது அவருக்கே விளங்கவில்லை. தொலைபேசி நிறுவனத்தின் இயற்பியலாளர் ஹரால்ட் ஆர்னால்ட் காற்றை முற்றிலும் உறிஞ்சியெடுத்த பிறகே அந்தக் குழாய் நம்பத்தக்க கருவியாயிற்று. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து அலெக்சாண்டர் கிரகாம் பெல் பேசியது சான் பிரான்சிஸ்கோவில் கேட்டதென்றால், வழியெங்கும் தேய்ந்துபோன குரலுக்கு இக்குழாய்கள் மறுபடி மறுபடி உயிரூட்டியதனால்தான்.

ஆனால் ஒவ்வொரு குழாயும் குரலைப் பெருக்கும்போது சற்றே திரித்தது. ஒன்று திரித்ததை அடுத்தது மேலும் திரித்தது. நெடுந்தொலைவுக் கம்பிகளில் அந்தத் திரிபு சேர்ந்து சேர்ந்து பேச்சையே குலைத்துவிடும். இதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் போராடிய ஹரால்ட் பிளாக், 1927 ஆகஸ்டில் ஒரு காலை, மன்ஹாட்டனிலிருந்த பணியிடத்துக்குப் படகில் செல்கையில், கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே விடையை வரைந்தார். வெளியீட்டின் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பியனுப்பினால் கருவி தன் பிழையைத் தானே கழித்துக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். கார்வர் பின்னாளில் செய்த கழித்தலுக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது.

அந்த உத்தியின் உச்சம் 1947. பிரிட்டனின் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர், 15 வாட் வெளியீட்டிலும் திரிபை 0.1 சதவிகிதத்துக்குள் அடக்கியது. உலகெங்கும் ஆர்வலர்கள் அந்தச் சுற்றைப் பார்த்துத் தாமே கருவி கட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டின் டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது.

ஆக, வால்வின் காலத்தில் வாழ்ந்த பொறியாளர் எவரும் 'வால்வு ஒலி' என்று ஒன்றை விரும்பியதில்லை. அப்படியொன்று கேட்காமலிருக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் உழைத்தார்கள். இன்று 'இளஞ்சூடான ஒலி' என்று விளம்பரங்கள் கொண்டாடும் குணத்தை வில்லியம்சனிடம் காட்டியிருந்தால், அவர் சாலிடரிங் இரும்பைக் கையிலெடுத்து அதை நீக்கக் கிளம்பியிருப்பார்.

நீக்க முயன்ற அந்தக் குணம் எதனால் ஆனது? பல இழைகள் இருக்கின்றன, முதன்மையானவை மூன்று.

ஒன்று, மேற்சுரங்கள். எந்த ஆம்ப்ளிஃபயரும் தன்னிடம் வந்த சுரத்தோடு, வராத சில சுரங்களையும் சேர்த்துவிடுகிறது. பின்னூட்டம் இல்லாத எளிய மும்முனைக் குழாய் சேர்ப்பதில் மிகுதியானது, மூலச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண். ஸட்ஜம் உள்ளே போனால் மேல் ஸட்ஜம் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மும்மடங்காயின் அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். இவை மூலத்தோடு இசைந்துபோகின்றன. காது இவற்றைக் குறையாகக் கேட்பதில்லை, செழிப்பாகக் கேட்கிறது. ஏழு, ஒன்பது மடங்குகளுக்கு மேலே போகப் போகத்தான் உரசல் தொடங்குகிறது. ஆயினும், வால்வு என்றாலே இரட்டைப்படை மேற்சுரங்கள்தான் என்று ஓதப்படுவது முழு உண்மை அன்று. இரண்டு குழாய்களை எதிரெதிரே இழுக்கவிடும் அமைப்பில், இறுதிக் கட்டத்தின் இரட்டைப்படைத் திரிபுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உலகின் புகழ்பெற்ற வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை அவ்வமைப்பைச் சேர்ந்தவையே.

இரண்டு, எல்லையைத் தொடும்போது நடந்துகொள்ளும் விதம். பின்னூட்டம் மிகுந்த டிரான்சிஸ்டர் கருவி, தன் திறனின் கடைசிப் புள்ளிவரை பிழையின்றி ஓடி, அதைத் தாண்டியதும் அலையின் தலையைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல வெட்டும். எளிய வால்வுக் கருவி சற்று முன்னதாகவே தளரத் தொடங்கி, அலையின் தலையைச் சரிவாக மழுக்கும். ரஸ்ஸல் ஹாம் என்ற பொறியாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சுட்டியது: ஒலிப்பதிவுக் கூடங்களின் மைக்ரோஃபோன் முன்பெருக்கிகளில் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் உள்ள வேறுபாடு, கருவி தன் எல்லைக்குள் நிம்மதியாக இயங்கும்போது அன்று, எல்லை மீறி உந்தப்படும்போதே வெளிப்படுகிறது.

மூன்றாவது காரணம் கவர்ச்சியற்றது. அதனாலேயே அதிகம் பேசப்படாதது. எட்டு ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் எல்லாச் சுரங்களுக்கும் எட்டு ஓமாக இருப்பதில்லை. சில அதிர்வெண்களில் அதன் மின்னெதிர்ப்பு பன்மடங்கு ஏறும், சிலவற்றில் இறங்கும். நல்ல டிரான்சிஸ்டர் கருவி இந்த ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாது. வால்வுக் கருவியோ தன் அகத்தடை மிகுதியால் ஸ்பீக்கரின் போக்குக்கு வளைந்துகொடுக்கும். அதனால் சில சுரங்கள் எழும்பும், சில அடங்கும். ரசிகர் அறை இருட்டில் உணரும் 'ஆன்மா'வில் கணிசமான பங்கு, இவ்வாறு தற்செயலாக நேர்ந்த ஒரு டோன் கன்ட்ரோல்.

மேற்சுரத்தைச் சேர்த்துக்கொண்டு இன்புறுவது இந்தியச் செவிக்குப் புதிதன்று. சி. வி. ராமன் 1921இல் கல்கத்தாவிலிருந்து எழுதிய ஆய்வொன்று வீணையையும் தம்புராவையும் பற்றியது. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியில் அசையாது நிற்க வேண்டிய மேற்சுரம் எழக்கூடாது என்பது அதுவரை அறியப்பட்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் எழக்கூடாத அச்சுரமும் தெளிவாக எழுகிறது என்று ராமன் காட்டினார். தந்தி தொட்டுத் தொட்டு விலகும் அகன்ற வளைந்த குதிரையும், தம்புராவில் தந்திக்கு அடியில் செருகப்படும் ஜீவா என்ற நூலும் அதற்குக் காரணம். நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் தம்புரா ஊமையாகும், இன்னொரு மயிரிழை நகர்த்தினால் பேசும். தூய அதிர்வைக் கேட்க விரும்பியவர்கள் அந்த நூலை ஒருபோதும் செருகியிருக்க மாட்டார்கள்.

ஆனால் தம்புராவின் நூல் இருக்குமிடம் இசைக்கலைஞரின் கையருகே. கேட்பவர் வீட்டில் அன்று. வால்வைப் பற்றிய வழக்குகள் பலவும் இவ்விரண்டு இடங்களையும் ஒன்றாகக் கருதுவதால் எழுகின்றன.

மின்கிதாரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் தெளிவான ஒலியை நாடியவர். அவருடைய பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் பாஸ் கிதாருக்காகச் செய்யப்பட்டது. கிதார்க் கலைஞர்களோ அதைக் கைப்பற்றி, குமிழைக் கடைசிவரை திருகி, அது கதறுவதை விரும்பினார்கள். 1962இல் லண்டனின் மேற்குப் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய பணியாளர்களும் அந்தப் பாஸ்மேனைப் பார்த்து, பிரிட்டனில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினார்கள். அங்கே தொடங்கிய பரம்பரைதான் ராக் இசையின் ஒலியைத் தீர்மானித்தது. இங்கே ஆம்ப்ளிஃபயர் இசையை எடுத்துச்செல்லும் கருவி அன்று, அதுவே இசைக்கருவி. மென்மையாக மீட்டினால் தெளிந்து ஒலிக்கும், அழுத்தி மீட்டினால் உடையும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சரிவில் கலைஞரின் விரல் நடமாடுகிறது. வால்வு செய்யும் பிழை இங்கே இசையின் ஒரு பகுதி. அதை நீக்குவது தம்புராவின் நூலை உருவுவதற்கு ஒப்பாகும்.

வீட்டில் அமர்ந்து கேட்பவரின் நிலை வேறு. இசைக்கலைஞர் வேண்டிய திரிபு ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. அதன்மேல் தன் கருவி இன்னொரு பூச்சைப் பூசுகிறது. ஹெண்ட்ரிக்ஸ் ஆனாலும், செம்மங்குடி ஆனாலும், செய்தியறிக்கை ஆனாலும் அதே பூச்சு. அதை விரும்ப அவருக்கு முழு உரிமை உண்டு. உணவில் எல்லாவற்றின்மேலும் நெய் விட்டுக்கொள்பவரை யார் தடுப்பது? ஆனால் நெய்தான் சோற்றின் உண்மையான சுவை என்று அவர் வாதிடும்போது மறுக்கத்தான் வேண்டும். இந்தப் பூச்சுக்காக லட்சங்களைக் கேட்கும் வணிகம், அதை 'மூலத்துக்கு மிக நெருக்கம்' என்று சொல்லி விற்கிறது. கார்வரின் 48 மணி நேரம் அந்தச் சொல்லைப் பொய்யாக்கிவிட்டது; வால்வைப் பொய்யாக்கவில்லை.

வீட்டு ரசிகரின் பற்றுக்கு ஒலி மட்டுமே காரணம் என்பதும் ஐயத்துக்குரியது. 300பி என்ற குழாயைப் பாருங்கள். 1930களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கியது. தனிக் குழாயாக இயங்குகையில் ஏறத்தாழ எட்டு வாட் ஒலித்திறன் தரும். அந்த எட்டு வாட்டுக்கு இழையைச் சூடாக்க ஆறு வாட்டும், தகட்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட வாட்டும் இடைவிடாமல் எரிய வேண்டும், பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும். மே மாதத்து நாக்பூரில் இப்படியொன்றை அறையில் வைத்துக்கொள்வது தனி விரதம். அமெரிக்கத் திரையரங்குகள் கழித்துவிட்ட இத்தகைய கருவிகளைத் தேடி வாங்கிப் போற்றியவர்கள் ஜப்பானியச் சேகரிப்பாளர்கள். இன்றைய 300பி மோகத்தின் வேர் அவர்களிடம் இருக்கிறது.

ஆனால் அந்தக் குழாயின் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இழை கனல்வது தெரிகிறது, வலை தெரிகிறது, தகடு தெரிகிறது. பள்ளி இயற்பியல் படித்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அதன் சுற்று முழுவதையும் புரிந்துகொண்டுவிடலாம். பழுதானால் குழாயைத் தாங்கியிலிருந்து பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். விரல் நகத்தளவு சில்லுக்குள் அடங்கிய இன்றைய ஆம்ப்ளிஃபயரிடம் மனிதர் செய்யக்கூடியது, வாங்குவதும் எறிவதும் மட்டுமே. (நானூறு வோல்ட் ஓடும் பெட்டி அது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். புரிந்துகொள்ளத் தக்கது என்பதற்காகத் தொட்டுப் பார்க்கத் தக்கது ஆகிவிடாது.)

இந்தியாவில் வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த நெருக்கம் தெரியும். குமிழைத் திருகியதும் பாட்டு வராது. பொறுத்திருக்க வேண்டும். முதலில் ஒரு முனகல், பிறகு தூசி சுடும் மணம், பச்சை விளக்காக மெல்ல விரியும் மேஜிக் ஐ, அதன் பிறகே குரல். பெங்களூரு ஜாலஹள்ளியில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இந்நாட்டின் ரேடியோக்களுக்கு வால்வுகளைச் செய்துதந்தது. அந்தத் தயாரிப்பு நின்று நெடுங்காலமாயிற்று. பெட்டி பிரிக்கப்படாத அந்தப் பழைய வால்வுகளை இன்று வெளிநாட்டுக் கிதார்க் கலைஞர்கள் தேடி வாங்குகிறார்கள்.

தேடுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் ஒலிக்கருவிகளுக்கான வால்வு ஆலைகள் 1980களின் முடிவுக்குள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. சோவியத் நாட்டில் மூடப்படவில்லை. 1976 செப்டம்பரில் விக்டர் பெலென்கோ என்ற விமானி தம் மிக்-25 போர்விமானத்தை ஜப்பானின் ஹகோடாத்தேயில் இறக்கித் தஞ்சம் கோரியபோது, அதைப் பிரித்துப் பார்த்த அமெரிக்க வல்லுநர்கள் உள்ளே வெற்றிடக்குழாய்கள் இருக்கக் கண்டு வியந்தார்கள். ராணுவத்துக்காக உயிரோடு வைக்கப்பட்டிருந்த அந்தத் தொழிலைத்தான், சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு மேலைநாட்டுக் கிதார் வணிகர்கள் கண்டெடுத்தார்கள். பனிப்போரில் ஒரு தரப்பு மற்றத் தரப்பைக் குறிவைக்கச் செய்த ஏற்பாடு, அந்த மற்றத் தரப்பின் ராக் இசையைக் காப்பாற்றிக் கொடுத்தது.

இன்று உலகின் ஒலிக்கருவி வால்வுகளில் மிகப் பெரும்பகுதி ரஷ்யாவின் சரட்டோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனாவின் ஆலைகள் என விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடைகளை அறிவித்தபோது சரட்டோவின் குழாய்கள் வராது என்ற செய்தி பரவி, சில நாட்களில் கடைகள் காலியாயின. பின்னர் வழி திறந்தது. ஆனால் ஒரே ஓர் ஆலையின் கதவைச் சார்ந்து எத்தனை மேடைகள் நிற்கின்றன என்பது அந்த வாரங்களில் வெளிச்சமாயிற்று.

ஆலையை மீண்டும் தொடங்குவது எளிதன்று. வலைக்கம்பியைச் சுற்றும் எந்திரங்கள் பல பதிற்றாண்டுகள் பழையவை. எதிர்முனையின் மேல் பூசப்படும் பேரியம், ஸ்ட்ரோன்ஷியம் ஆக்சைடுகளின் பக்குவமும், காற்றை உறிஞ்சும்போது எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் என்ற கணக்கும் பாதி ஏட்டிலும் பாதி கைகளிலும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வயதாகிறது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற பெயரை வாங்கியவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ராஸ்வில்லில் 300பி குழாயை மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். வால்வின் ஒலியைக் கணித்து நடித்துக்காட்டும் டிஜிட்டல் கருவிகளோ ஆண்டுதோறும் மேம்படுகின்றன; கார்வர் கையால் திருகியதை இவை கணக்காகச் செய்கின்றன. சுற்றுப்பயணம் போகும் கலைஞர்கள் பலர் ஏற்கெனவே அவற்றுக்கு மாறிவிட்டார்கள். முதுகுவலிக்கு அது நல்லதே. எதை நடிக்க வேண்டும் என்று அந்தக் கருவிக்குக் கற்பிக்க, அறையில் எங்கேனும் ஓர் உண்மையான வால்வு கனன்றுகொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் மாறவில்லை.

பெங்களூரு எஸ். பி. ரோட்டிலோ மும்பை லேமிங்டன் ரோட்டிலோ பழைய வால்வு கைக்குக் கிடைத்தால், தேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது மேலே அச்சிட்ட பெயரை அன்று. குழாயின் உட்சுவரில், பெரும்பாலும் உச்சியில், கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். மிச்சம் மீதி வாயுவை விழுங்குவதற்காக, ஆலையில் கடைசிக் கட்டமாகப் பேரியத்தை ஆவியாக்கிப் படியவிட்டது அது. வெள்ளியாக மின்னினால் வெற்றிடம் இன்னும் உள்ளே இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால், எங்கோ ஒரு விரிசல் வழியாகக் காற்று நுழைந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு முறை திருப்பிப் பார்த்து, மின்னுகிறதென்றால் விலை கேட்கத் தொடங்குகிறார்கள்.